ரீயூனியன் தீவில் எங்கே தங்குவது: புதுச்சேரியிலிருந்து செல்வோருக்கு

புதுச்சேரியிலும் காரைக்காலிலும், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் பெயரைக் கேட்டிராத குடும்பங்கள் குறைவு. 1848ஆம் ஆண்டு டிசம்பரில் அத்தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இங்கிருந்து கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டுப் பிள்ளைகள் சிலரும் பிற்காலத்தில் வேலைக்காக அங்கே சென்றிருக்கிறார்கள். அதனால் விடுமுறைக்கு அங்கே போகலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்ததுமே, எந்த ஓட்டல் நல்லது என்ற கேள்வியும் கூடவே எழுந்துவிடுகிறது. உண்மையில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. தீவின் எந்தப் பக்கம் என்பது முதலாவது; கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது இரண்டாவது.

வரைபடத்தைப் பார்த்தால் இது விளங்காது. தீவின் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர், அதாவது நம் கடலூர் மாவட்டத்தைவிடச் சிறியது. ஆனால் அதன் நடுவே அணைந்துபோன எரிமலையான பித்தோன் தெ நேழ் 3,070 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. தென்கிழக்கில் இன்றும் அடிக்கடி பொங்கும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர், அதாவது தொட்டபெட்டாவைவிட ஐந்தே மீட்டர் குறைவு. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் ஊட்டியையும் அதற்கு மேல் இன்னொரு மலையையும் தூக்கி வைத்தாற்போன்ற நிலம் என்று எண்ணிக்கொண்டால் சரியாக இருக்கும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போய் வருவதைப் போலத் தினமும் ஓரிடத்துக்குப் போய் இரவில் அறைக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுபவர் விடுமுறையின் பாதியைக் காருக்குள் கழிப்பார்.

நாங்கள் அப்படித்தான் கழித்தோம். முதல் பயணத்தில் ஒன்பது இரவுகளையும் மேற்குக் கடற்கரையில் ஒரே வீட்டில் முன்பதிவு செய்திருந்தோம். எரிமலையைப் பார்க்கக் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, பிள்ளைகள் இருமுறை வாந்தி எடுத்ததற்கு வண்டியை நிறுத்தி, பத்து மணி கடந்து மேலே சேர்ந்தபோது எரிமலைப் பள்ளம் முழுவதும் மேகம் அடைத்திருந்தது. பக்கத்தில் நின்றவரின் சட்டை நிறம்கூடச் சரியாகத் தெரியவில்லை. முந்தைய இரவு மலைமேல் தங்கியவர்கள் விடியற்காலையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

காற்று வரும் பக்கம், காற்று மறையும் பக்கம்

தீவின்மீது ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டும்போது வறண்டுபோவதை நாம் அறிவோம். அதே கணக்கு இங்கே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் அகலத்துக்குள் நடந்துவிடுகிறது. ஆகவே சேந்த் ஆந்த்ரே, சேன் பெனுவா, சேந்த் ரோஸ் போன்ற கிழக்குக் கரை ஊர்கள் பசுமையாகவும் ஈரமாகவும் இருக்கும்; சேன் போல், சேன் ழீல், சேன் லே போன்ற மேற்குக் கரை ஊர்களில் வெயில் அடிக்கும். கிழக்கில் வாடகை குறைவாக இருப்பதைக் கண்டு ஒரு வாரத்துக்குப் பதிவு செய்பவர்கள், அந்தக் குறைவுக்கு மழை ஒரு காரணம் என்பதை அங்கே போன பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

மழை என்று நாம் சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒன்றல்ல. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை பெய்து, நகரமே நின்றுபோனது. ரீயூனியன் மலைப்பகுதியில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது எரிமலைக்கு அருகே மூன்று நாளில் 3,930 மில்லிமீட்டர் கொட்டியது. இவை உலகச் சாதனைகள். அவ்வளவு நீரும் செங்குத்தான ஓடைகள் வழியாக ஒரே மூச்சில் கடலுக்கு இறங்குகிறது. மழையில்லாத காலத்தில் காய்ந்த கற்குவியலாகக் கிடக்கும் ஓடைக்குக் குறுக்கே பாலமின்றித் தரைப்பாதையாகப் போகும் சாலைகள் பல உண்டு. பெருமழை வந்தால் அவைதான் முதலில் மூழ்கும். தங்குமிடத்துக்கு வேறு சாலை இருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்பது, நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பதைவிட முக்கியமானது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம்; 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி இறுதியில் கரான்ஸ் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள் தீவைத் தாக்கின. நம் பிள்ளைகளின் மே மாத விடுமுறை, அங்கே மழை ஓய்ந்து குளிர்காலம் தொடங்கும் நேரமாக அமைவது நம் நல்லூழ்.

கடலை நம்பி மேற்குக்குப் போகும்போது

மேற்குக் கரையில் எல்லா இடமும் ஒன்றல்ல. எர்மித்தாழ், லா சலீன் ஆகிய பகுதிகளில் பவளத்திட்டு கரைக்குச் சற்றுத் தள்ளி அணைபோல நிற்க, உள்ளே இடுப்பளவு ஆழத்தில் அமைதியான நீர் தேங்கி நிற்கிறது. மணல் வெள்ளையாக இருப்பதும் அந்தப் பவளத்தால்தான்; எரிமலைப் பாறை மட்டுமே அரைபட்ட எத்தான் சலே கடற்கரையில் மணல் கருமையாக இருக்கும், நண்பகலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. பவள அணை இல்லாத இடங்களில் சுறா ஆபத்து உண்டு. 2011 முதல் நேர்ந்த தாக்குதல்களை அடுத்து, பவள அணைக்குள்ளும் கண்காணிப்பு உள்ள குறிப்பிட்ட பகுதிகளிலும் தவிர வேறெங்கும் குளிப்பதற்கு 2013இல் அரசு தடை விதித்தது. நம் ஊர்க் கடற்கரைச் சாலையில் பாறைகளுக்கு அப்பால் இறங்கி உயிரை விடுபவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே நாம்தான் வெளியூர்க்காரர்கள். ஆகையால் சிறுவர்களோடு போகிறவர்கள், விளம்பரத்தில் கடல் தெரிகிறது என்பதோடு நிறுத்தாமல், பவள அணைக்குள் இருக்கும் கடற்கரைக்கு நடந்து போக முடியுமா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலரும் விழுவது. அத்தீவின் நகராட்சிகள் பல, கடலோரத்தில் தொடங்கி மலை உச்சி வரை நீண்ட துண்டுகளாக வெட்டப்பட்டவை. சேன் போல் என்றோ சேன் லே என்றோ முகவரி போட்ட வீடு, கடலிலிருந்து வளைந்து வளைந்து ஏறி எண்ணூறு மீட்டர் உயரத்தில் இருக்கக்கூடும். பொய் எதுவும் இல்லை, முகவரி சரிதான். ஆனால் நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும், பிற்பகலில் மேகம் இறங்கும், ஒரு பாக்கெட் பால் வாங்கவும் கார் எடுக்க வேண்டும். வரைபடத்தில் வீட்டின் உயரத்தைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். உயரத்தில் ஓர் ஆதாயமும் உண்டு: கொசு குறைவு. 2005-06இல் தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரை முடக்கிய சிக்குன்குனியாவை, அதே 2006இல் அது நம் ஊர்ப்பக்கம் வந்தபோது மூட்டுவலியோடு படுத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்வான இடத்தில் அறை எடுத்தால் கொசுவலை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எரிமலைக்குப் பக்கத்தில் படுக்கலாமா

வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் பொங்குவது பெரும்பாலும் வீடுகளே இல்லாத, கிழக்கே கடலை நோக்கித் திறந்த ஒரு பெரும் பள்ளத்துக்குள்தான். 2007 ஏப்ரலில் பெரும் சீற்றத்தில் உச்சிப் பள்ளமே இடிந்து தாழ்ந்தபோதும், எரிமலைக் குழம்பு கடலோர நெடுஞ்சாலையை மூடிக் கடலில் விழுந்ததே தவிர ஊருக்குள் வரவில்லை. விதிவிலக்குகளில் பெயர்போனது 1977: அவ்வாண்டு குழம்பு பள்ளத்துக்கு வெளியே வழிந்து சேந்த் ரோஸ் பகுதிக் கிராமம் ஒன்றில் வீடுகளை அழித்து, மாதா கோவிலின் வாசல் வரை வந்து சுற்றி நின்றுபோயிற்று, அந்தக் கோவிலை இன்றும் பார்க்கலாம். அதற்குப் பின் 1979இல் அமைக்கப்பட்ட ஆய்வகம் மலையின் நடுக்கங்களை இரவு பகலாகக் கவனித்து வருகிறது. சீற்றம் தொடங்கினால் பள்ளத்துக்குள் இறங்கும் பாதையை மூடிவிடுவார்கள், அவ்வளவே. அத்தீவில் பயணியின் திட்டத்தைக் கெடுப்பவை மழையும் ஓடையும் சாலையில் விழும் கல்லும்தான்.

எனவே பூர் முரா என்னும் ஊரில் ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள். 1,600 மீட்டர் உயரத்தில் மேய்ச்சல் நிலத்தின் நடுவே இருக்கும் அந்த ஊரிலிருந்து, 2,311 மீட்டரில் எரிமலைப் பள்ளத்தைப் பார்த்தபடி உள்ள பா தெ பெல்கோம்ப் முகப்புக்கு ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். விடியலில் புறப்பட்டால் மேகம் ஏறுமுன் பள்ளம் முழுவதையும் காணலாம். முதல் நாள் மூடியிருந்தால் மறுநாள் இன்னொரு வாய்ப்பு இருக்கும். எரிமலை அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் உறைபனிகூட விழும். அறையில் சூடேற்றி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மார்கழிப் பனிக்கே மப்ளர் சுற்றும் நமக்கு இது ஆடம்பரம் அன்று.

மலைக்குழிகள்

பழைய எரிமலையைச் சுற்றிச் சிலாவோஸ், சலாசி, மஃபாத் என்னும், செங்குத்தான மலைச்சுவர்கள் சூழ்ந்த மூன்று பெரும் மலைக்குழிகள் உள்ளன. 2010இல் இவற்றை உள்ளடக்கிய பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. சிலாவோஸுக்குப் போகும் சாலையில் ஏறத்தாழ நானூறு வளைவுகள். ஊர் அருமையானது, அங்கு விளையும் பருப்புக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் பெயர் பெற்றது. ஆனால் மழைக்குப் பின் பாறை சரிந்து அந்த ஒரே சாலையும் அடைபடுவது உண்டு என்பதால், விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவை ஒருபோதும் அங்கே வைத்துக்கொள்ளக் கூடாது. மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்துதான் போக வேண்டும், இல்லையேல் ஹெலிகாப்டர். அங்குள்ள ழீத் எனப்படும் எளிய விடுதிகளில் பலர் சேர்ந்து படுக்கும் அறையும் பொது இரவு உணவும் கிடைக்கும், இடம் முன்கூட்டியே தீர்ந்துவிடும். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்குச் சலாசியில் உள்ள எல்பூர்தான் பொருத்தம். நம் சௌசௌவை அவர்களும் ஷூஷூ என்றே அழைத்து, மலைச்சரிவெங்கும் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள்; அதில் கூட்டு வைப்பதுண்டா என்று நான் கேட்டதற்கு, பாலாடைக்கட்டி தூவிச் சுட்டதைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

தெற்கே சேன் பியேர், கடலும் வேண்டும் எரிமலையும் வேண்டும் ஆனால் பெட்டியை அடிக்கடி கட்ட முடியாது என்பவர்களுக்கு ஏற்ற ஊர். நகரமே பவள அணைக்குள் உள்ள கடற்கரையில் இருக்கிறது, எரிமலைச் சாலையும் அருகிலேயே தொடங்குகிறது. குளிர்காலத்தில் காற்று பலமாக வீசும் என்பதே குறை. தலைநகரான சேன் தெனியில் முதல் இரவோ கடைசி இரவோ போதும்.

வீட்டு வகையும் சமையலும்

பெரிய ஓட்டல்கள் பெரும்பாலும் மேற்குக் கரையிலேயே உள்ளன. மற்ற இடங்களில், உரிமையாளர் வீட்டிலேயே அறையும் காலை உணவும் தரும் ஷாம்ப்ர தோத் வகையும், சமையலறையோடு தனி வீடாக வாடகைக்கு விடும் வகையும் மிகுதி. நான்கு பேருக்கு மேல் போகும் குடும்பத்துக்குச் சமையலறை உள்ள வீடுதான் என் பரிந்துரை. மதிய உணவு நேரம் இரண்டு மணிக்கு முடிந்தால் மாலை வரை பல உணவகங்கள் அடைத்துக் கிடக்கும். காய்கறி மட்டும் உண்பவருக்குத் தெரிவும் குறைவு. சந்தையிலோ எல்லாம் கிடைக்கும், பெயர்கூட அதிகம் மாறுவதில்லை: கொத்தமல்லி அங்கே கொத்தோமிலி, கறிவேப்பிலை கலூப்பிலே, முருங்கைக் கீரை ப்ரேத் முரூங். வாரக் கடைசியில் கூடும் சேன் போல் கடலோரச் சந்தையும் சனிக்கிழமை சேன் பியேர் சந்தையும் தங்குமிடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் ஒரு காகித வேலை உண்டு. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இல்லாதவருக்கு விசா தேவைப்படும்போது, தங்குமிடத்துக்குச் சான்று கேட்பார்கள். ஓட்டல் பதிவு இல்லையென்றால், அங்குள்ள உறவினர் தம் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) விண்ணப்பித்து வரவேற்புச் சான்றிதழ் பெற்று அனுப்ப வேண்டும். ரீயூனியன் ஷெங்கன் பகுதிக்குள் வராது. பாரிசுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவைக் காட்டி அங்கே இறங்கலாம் என்று எண்ணிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஒன்பது இரவுகள் இருந்தால் நான் இன்று பிரிக்கும் விதம் இது. விமான நிலையம் வடக்கே இருப்பதால், காரை எடுத்துக்கொண்டு கிழக்கே திரும்பி, சேந்த் ஆந்த்ரேயில் தமிழர் கோவிலைப் பார்த்துவிட்டு எல்பூரில் இரண்டு இரவு. அங்கிருந்து சேன் பெனுவா வழியாகத் தீவைக் குறுக்கே கடக்கும் சாலையில் ஏறிப் பூர் முராவில் இரண்டு இரவு. தெற்கே இறங்கி, வளைவுகளைத் தாங்கக்கூடியவர்கள் சிலாவோஸில் இரண்டு இரவு, முடியாதவர்கள் அதே இரண்டு இரவும் சேன் பியேரில். மிச்சம் மூன்றும் லா சலீன் பக்கம் கடலோரத்தில். விமானம் காலையில் என்றால் அந்த மூன்றில் ஒன்றைச் சேன் தெனிக்கு மாற்றிவிடுங்கள், ஏனெனில் மேற்கிலிருந்து தலைநகருக்குள் நுழையும் சாலை அலுவலக நேரத்தில் நம் இந்திரா காந்தி சிலைச் சந்திப்பைப் போலவே நகரும்.