பர்ரிஷாவில் சாப்பிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் ஐரிஸில் அல்மாக்ரோ, போயேதோ மாதிரியான பழைய பேட்டைகளில் நடந்தால், கடைக்கு முன்பே தணலில் கொழுப்பு உருகும் வாசனை வந்துவிடும். இறைச்சி சுடும் கம்பித் தட்டிக்குப் பெயர் பர்ரிஷா. கடைக்கும் அதே பெயர்தான். பத்துப் பதினைந்து மேசைகள், காகித விரிப்பு, எல்லோரையும் தெரிந்த வயதான பரிமாறுபவர் என்று இருக்கும் சின்னக் கடைகளைத்தான் சொல்கிறேன். அங்கே போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் ஏமாறுகிறார்கள்: ஆளுக்கு ஒரு தட்டு, முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று நினைத்துப் போகிறார்கள்.

இரவு ஏழு மணிக்குப் போகாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பல கடைகள் எட்டு மணிக்கு மேல்தான் திறக்கும். ஊர்க்காரர்கள் வந்து சேர ஒன்பதரை, பத்து ஆகிவிடும். அவ்வளவு நேரம் பசி தாங்காது என்றால் மதியம் போங்கள். ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாக வருவார்கள், அதுவே பார்க்க அழகு.

அடுத்தது, ஆளுக்கொரு இறைச்சித் துண்டு சொல்வது. ஒரு துண்டே 400 கிராம் இருக்கலாம், சில கடைகளில் அதற்கும் மேல். இரண்டு பேருக்கு ஒரு பெரிய துண்டு, ஒரு சாலட், ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல் போதும். மிச்சமாகும் வயிற்றை ஆரம்பத்தில் வருகிறவற்றுக்குக் கொடுங்கள். ஓரகனோ தூவித் தட்டியிலேயே சுட்ட ப்ரொவொலேத்தா என்ற பாலாடைக்கட்டி, மொறுமொறுவென்று சுட்ட குடல் (சின்சுலீனெஸ்), எலுமிச்சை பிழிந்து சாப்பிடும் கன்றின் கழுத்துச் சுரப்பி (மோஷேஹாஸ்). குடல் கறி சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதில் தயங்க ஒன்றுமில்லை. வெளிநாட்டுப் பயணிகள் பலர் மெனுவில் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. சோரிசோ என்றால் சாசேஜ். ஆனால் 'பிஃபே தெ சோரிசோ' சாசேஜ் இல்லை. மாட்டின் முதுகுப் பகுதியில் கனமாக வெட்டிய, ஓரத்தில் கொழுப்புப் பட்டை உள்ள துண்டு அது. அந்தக் கொழுப்பை வெட்டி ஒதுக்க வேண்டாம், ருசியே அதில்தான்.

பதம் சொல்வதில்தான் அதிகம் தவறுகிறோம். 'அ புந்தோ' என்றால் நடுத்தரம் என்று அகராதி சொல்லும். ஆனால் அர்ஜென்டினாக்காரர்கள் பொதுவாக நன்றாக வெந்ததையே விரும்புகிறார்கள். அதனால் 'அ புந்தோ' கேட்டால் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வெந்து வரலாம். உள்ளே சிவந்து சாறோடு வேண்டுமென்றால் 'ஹுகோசோ' என்று சொல்லுங்கள். வேகவில்லை என்று தோன்றினால் மறுபடி தணலில் போட்டுத் தருவார்கள். வெந்து காய்ந்ததை யாராலும் திருப்ப முடியாது. அதே சமயம், எல்லாத் துண்டுக்கும் ஒரே பதம் கேட்கவும் கூடாது. விலா எலும்போடு குறுக்கே அறுத்த 'அசாதோ தெ தீரா' போன்றவற்றுக்கு மெல்லிய தணலில் நீண்ட நேரம் வேண்டும், அப்போதுதான் இளகும். அதைச் சுடுகிறவர் கையில் விட்டுவிடுங்கள். தாமதமாகிறதே என்று அவசரப்படுத்தவும் வேண்டாம்.

மசாலா எங்கே என்று தேடுவது நமக்கே உரிய தவறு. அங்கே இறைச்சிக்குக் கல்லுப்பு மட்டும்தான். பார்ஸ்லி, பூண்டு, ஓரகனோ, வினிகர், எண்ணெய், கொஞ்சம் மிளகாய்த் தூள் சேர்ந்த சிமிசுர்ரி மேசையில் இருக்கும், ஆனால் நம் நாக்குக்கு அது காரமே இல்லை. முதல் வாயை எதுவும் தொடாமல் சாப்பிடுங்கள். சிமிசுர்ரி சாசேஜுக்குப் பொருந்துவதுபோல நல்ல துண்டுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் போகலாம், கோழியும் பன்றித் தோள்கறியும் (போந்தியோலா) கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சோரிசோவில் பெரும்பாலும் பன்றியோடு மாடும் கலந்திருக்கும். மோர்சீஷா என்ற சாசேஜ் ரத்தத்தில் செய்தது. எல்லாம் வேகுவது ஒரே தட்டியில்.

பில்லில் 'குபியெர்த்தோ' என்று ஒரு தொகை இருந்தால் பதற வேண்டாம், ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம் அது. அதை டிப்ஸ் என்று நினைத்துவிடவும் கூடாது. டிப்ஸ் தனி, பத்து சதவீதம் வழக்கம், பணமாகக் கொடுத்தால் நல்லது.

சாப்பிட்டு முடித்தும் பில் வரவில்லையே என்று கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்காமல் பில் வைப்பது அங்கே விரட்டுவது மாதிரி. சாப்பாட்டுக்குப் பின் மேசையிலேயே உட்கார்ந்து பேசுவதற்கு 'சோப்ரெமேசா' என்று தனிப் பெயரே இருக்கிறது. கிளம்பத் தோன்றும்போது 'லா குவென்தா, போர் ஃபவோர்' என்றால் போதும். அதற்கு முன்பு பாலும் சர்க்கரையும் சுண்டக் காய்ச்சிய துல்சே தெ லெச்சே வைத்த ஃப்ளான் (முட்டை, பால் சேர்ந்த புட்டிங்) ஒன்றும், ஆளுக்கொரு கரண்டியும் கேளுங்கள்.