மார்கழித் தூண்டிலுக்கு ஒன்பது மணி

மார்கழியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, நாலரை மணிக்கே எழுந்து ஆற்றுக்கு ஓடுவது. சித்திரையில் அது சரி. மார்கழியில் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும், கெண்டை வாயே திறக்காது. எங்கள் கூட்டம் தாமிரபரணிக் கரை ஏரலில் இருந்து கிளம்புவதே எட்டு மணிக்கு மேல்தான். வெயில் தண்ணீருக்குள் இறங்கி ஒன்பது, ஒன்பதரை ஆனால்தான் தக்கை அசையும். அதுவரைக்கும் ஃபிளாஸ்கில் உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி.

கிளம்புவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். பிசான நெல் சாகுபடிக்காக அணையில் திறக்கிற தண்ணீரும் மலையில் பெய்கிற மழையும் சேர்ந்து, இந்த மாதங்களில் தாமிரபரணி நாளுக்கொரு நிறம் காட்டும். காவிக் கலங்கலாக ஓடினால் வீட்டிலேயே இருந்துவிடலாம். கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தாலும் மீன் நம் நிழலைப் பார்த்து விலகிவிடும். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்தால் கால்விரல் மங்கலாகத் தெரிய வேண்டும். அந்தக் கலங்கல்தான் கணக்கு.

ஓட்டம் அடங்கி, தண்ணீர் மெதுவாகத் திரும்புகிற நாணல் ஓரமாக இடம் பிடியுங்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே மீன் கூடும், ஆனால் கல்தளத்துப் பாசியில் கால் வைத்தால் ஆளே போய்விடும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்களுக்குத் தெரிந்த மடுவெல்லாம் இடம் மாறிவிட்டது. மணல் அள்ளிய குழிகள் வேறு. கம்பால் குத்திப் பார்க்காமல் இறங்காதீர்கள். குளத்தில் போடலாமே என்று நினைத்தால், அங்கே மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்குப் போயிருக்கும், கேட்டுவிட்டுப் போடுங்கள். பாபநாசம் படித்துறை மீனுக்குப் பொரி மட்டும்தான். அங்கே தூண்டிலோடு போனால் மீனுக்கு முன்னால் நாம் மாட்டுவோம்.

தக்கைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வயலில் உதிர்ந்து கிடக்கும் மயிலிறகின் வெள்ளைக் காம்பில் மூன்று அங்குலம் வெட்டி, சைக்கிள் வால்டியூப் துண்டு இரண்டைக் கோத்துத் தூண்டில் நரம்பில் மாட்டினால் போதும், மேலும் கீழும் நகர்த்தி ஆழம் வைத்துக்கொள்ளலாம். காம்பு அரை அங்குலம் மட்டும் வெளியே தெரிகிற வரைக்கும் ஈயம் சேருங்கள். தூண்டில் முள்ளுக்கு நரம்பைக் கட்டும்போது ஆறு சுற்றுச் சுற்றி, இறுக்குவதற்கு முன் எச்சில் தொடுங்கள். காய்ந்த நரம்பை இழுத்தால் சூடேறி, முடிச்சிலேயே பிறகு அறும்.

இரைக்கு எருக்குழி ஓரத்து மண்புழு. முழுப் புழுவையும் முள்ளில் ஏற்றிவிடாமல் வாலை அரை அங்குலம் விட்டுவிட வேண்டும், அது நெளிய வேண்டும். கெண்டை என்றால் தக்கை இரண்டு தரம் நடுங்கிப் பக்கவாட்டில் நகரும். நடுக்கத்தில் இழுத்தால் வெறும் முள் வரும். நகரும்போது இழுங்கள். கெளுத்தி நடுங்காது, நேரே இழுத்துக்கொண்டு போகும்.

கெளுத்தியைக் கழற்றுவதுதான் வித்தை. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். பின்னால் இருந்து கையைக் கொண்டுவந்து, முதுகு முள்ளுக்குப் பின்னால் உள்ளங்கை படிய, பக்க முள்ளுக்குக் கீழே பெருவிரலும் நடுவிரலும் நிற்கப் பிடியுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், கடுப்பு இறங்கும்.

ஆளுக்கு ஆள் பத்தடி இடைவெளி விடுங்கள். பேச்சு சுவாரசியத்தில் என் முள் மச்சான் கட்டியிருந்த சாரத்தில் மாட்டி, அவர் பாதி நாள் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மதியத்துக்கு மேல் புன்னைக்காயல் போய்விடுவோம், ஆறு கடலில் சேருகிற இடம். இங்கே வெயிலை விடக் கடல் ஏற்றம்தான் முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள் பார்த்து, தண்ணீர் ஏறத் தொடங்கும்போது போட வேண்டும். இந்தக் கரையில் இடுப்பளவுகூட ஏறாது, அது போதும். வாடைக்காற்று முதுகில் படுகிற மாதிரி நின்றால் நரம்பு தூரம் போகும். மீனவர்கள் வலை கட்டிய பக்கம் போகாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு.

மடவை கண்முன்னே துள்ளும், ஆசைப்படாதீர்கள். பாசியும் சேறும் தின்கிற மீன், நம் இறாலைத் திரும்பிப் பார்க்காது. ஆனால் மடவைக் கூட்டம் திடீரென்று சிதறினால், கீழே கொடுவா மீன் இருக்கலாம். உயிர் இறாலை வாலில் குத்தி அங்கே போடுங்கள்.

போன வருஷம் அப்படி ஒரு கொடுவா இரையை எடுத்தது. நான் பதறி வெட்டி இழுத்தேன். "ஏலே, இழுக்காதலே, விட்டுப் பிடி!" என்று பெரியப்பா மகன் கத்தி முடிப்பதற்குள் நரம்பு தொய்ந்துவிட்டது. நுனி கத்தியால் சீவினது போல இருந்தது. கொடுவாவின் செவுள் மூடி அப்படி. இப்போதெல்லாம் முள்ளுக்கு முன்னால் ஒரு முழம் தடித்த நரம்பு கட்டுகிறேன். மீனைத் தூக்கும்போதும் செவுளில் கை விடுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கெளுத்தியை உப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டு உரசுங்கள், வழுவழுப்பு போகும். புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.