விளையாட்டில் உரையாடல் தெரிவுகளை எழுதுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் இருந்துகொண்டு, பால்மரக் காட்டையும் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வீடுகளையும் களமாக்கி மாயாஜாலப் பாத்திரமேற்புக் கணினி விளையாட்டு (RPG) ஒன்றை உருவாக்க முனைபவர், ஆட்டக்காரர் அழுத்தும் தெரிவும் கதைமாந்தர் பேசும் வசனமும் முரண்படாமல் இருக்கின்றனவா என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.

2009இல் வெளிவந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' விளையாட்டில் நாயகனுக்குக் குரல் இல்லாததால், முழு வசனமும் திரையில் தெரிந்தது. 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் நாயகன் பேசினான், தெரிவுகள் முழு வசனமாக இல்லாமல் சில சொற்களாகச் சுருங்கின, தொனியை உணர்த்தச் சின்னங்கள் சேர்ந்தன.

தமிழில் எழுதுபவருக்குச் சின்னம் அவ்வளவாகத் தேவைப்படாது என்பது என் கருத்து. லயத்து வாசலில் பழைய கங்காணியின் ஆவி நின்று, "பசியாறிட்டியா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். 'மறுத்துவிடு' என்று மட்டும் எழுதினால், பணிவாக விலகலாம் என நம்பி அழுத்தியவரின் நாயகன் கத்தியை உருவக்கூடும். "உனக்கென்ன வந்தது?", "நீங்கள் சாப்பிடுங்கள், தாத்தா" என இரண்டையும் முழுதாக எழுதினால், நீ, நீங்கள் என்ற வேறுபாடே தொனியைக் காட்டிவிடும்.

மூன்று தெரிவுகள் வைத்து, எதை அழுத்தினாலும் ஒரே பதில்தான் வரும் என்றால், ஒன்றை மட்டும் வைத்திருங்கள். பலிக்குமா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்க வேண்டிய தெரிவாயின், 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' செய்வதுபோல, எட்ட வேண்டிய எண்ணை உருட்டுவதற்கு முன்பே காட்டுங்கள்.

இறுதியாக, நண்பர் ஒருவரை ஒட்டுக்கடைக்கு அழைத்துச் சென்று, தெரிவுகளை மட்டும் படிக்கக் கொடுத்து, அடுத்து நாயகன் என்ன சொல்வான் என்று கேளுங்கள். அவர் தவறாகச் சொல்லும் இடங்களைத் திருத்தி எழுதுங்கள்.