புதிய குடியிருப்புக்கு வீதியும் நீரும் வடிகானும்: அரச நிதியைக் கேட்டுப் பெறும் முறை

திருகோணமலை மாவட்டத்தில் புதிதாகக் குடியேறும் குடும்பங்கள், வீட்டுக்கான உதவி கிடைத்துவிட்டால் வீதியும் நீரும் பின்னால் தாமாக வந்து சேரும் என்று நம்புவதுண்டு. வீட்டு நிதி வீட்டுக்கு மட்டுமே உரியது. போருக்குப் பின்னரான இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட 550,000 ரூபாயும் அத்திவாரம் முதல் கூரை வரை கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட பணம்தான். வாசலுக்கு முன்னால் உள்ள வீதிக்கான நிதி வேறோர் இடத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அந்த இடம் எது, அங்கே எந்த மாதத்தில் கேட்க வேண்டும் என்பதை அறிந்து செயற்படும் கிராமமே முன்னே செல்கிறது.

முதலில், வீதி யாருடையது என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. குடியிருப்புக்குள் செல்லும் சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் பிரதேச சபை அல்லது நகரப் பகுதிக்கான மன்றத்தின் பொறுப்பு. நிலாவெளி, உப்புவெளிப் பக்கங்களில் தனியார் காணிகள் துண்டாடி விற்கப்படும்போது, வரைபடத்தில் வீதி என்று காட்டப்பட்டிருந்தாலும் அது சபைக்குக் கையளிக்கப்படாமலேயே இருந்துவிடலாம். தனியார் பெயரில் உள்ள வீதிக்கு அரச பணத்தைச் செலவிட அதிகாரிகளால் முடியாது. ஆகவே காணி வாங்கும்போதே, வீதிப் பகுதியைச் சபைக்கு உரித்தாக்கிக் கொடுக்கும்படி விற்பவரிடம் வற்புறுத்துங்கள். விற்றுவிட்டுப் போனவரைத் தேடிப்பிடித்துக் கையொப்பம் வாங்குவது மிகவும் கடினம். அரச காணியாயின், உத்தரவுப்பத்திரங்களின் பிரதிகளையும் நில அளவை வரைபடத்தையும் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையோரமாயின் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும்: சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதி கரையோர வலயமாகக் கருதப்படுவதால், அங்கே நிர்மாண வேலைகளுக்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும்.

நிதி பல வாய்க்கால்களில் வருகிறது. மாகாணத்துக்கு வரும் மூலதன நிதியில் முக்கியமானது மாகாணக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்திக் கொடை. நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி ஒதுக்கப்படும் இந்தப் பணம், மாகாணத்தின் ஆண்டுத் திட்டத்தில் இடம்பெற்ற வேலைகளுக்கே செலவாகும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்ததன் பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடைபெறாமல், கோரிக்கையை எடுத்துச்செல்ல மாகாண சபை உறுப்பினர்கள் இல்லாமற்போனதால், அந்தத் திட்டத்தைத் தயாரிக்கும் அதிகாரிகளிடம் கோரிக்கையை நேரடியாகச் சேர்ப்பிப்பது அவசியமாயிற்று. மாகாணத் தலைமையகம் திருகோணமலையிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி. அதை நம்மவர் போதியளவு பயன்படுத்துவதில்லை. அமைச்சுகளின் திட்டங்களும், நாடாளுமன்ற உறுப்பினர்களின் பரிந்துரைப்படி சிறு வேலைகளுக்கு ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்ட நிதியும் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் வழியாக நடைமுறைக்கு வரும். உள்ளூராட்சி மன்றத்துக்குச் சோலைவரியுடன் காணிக் கைமாற்றங்களின் முத்திரைத் தீர்வையும் மாகாணத்தினூடாக வந்து சேர்கிறது. உங்கள் பகுதியில் காணிகள் அதிகமாகக் கைமாறியிருந்தால், அந்த வருமானத்தில் ஒரு பங்கு அதே பகுதியின் வீதிக்கும் வடிகானுக்கும் வரவேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயமானது. அதைத் தயங்காமல் கேளுங்கள்.

குழாய் நீருக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்தை நாட வேண்டும். திருகோணமலை நகருக்கான நீர் கந்தளாயிலிருந்து வருவதால், புதிய குடியிருப்பு பிரதான குழாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே செலவைத் தீர்மானிக்கும். தனித்தனியாக விண்ணப்பிப்பதை விட, இணைப்புப் பெற உடன்படும் எல்லாக் குடும்பங்களின் பட்டியலையும் ஒன்றாகக் கொடுப்பது குழாய் நீடிப்புக்கு வலுச் சேர்க்கும். குழாய் பதித்து முடியும் வரை கொங்கிறீட் வீதிக்கு அவசரப்படாதீர்கள். போட்ட வீதியை மறுபடி வெட்டினால், ஒட்டுப்போட்ட இடத்திலிருந்தே வெடிப்பு ஆரம்பிக்கும்.

கோரிக்கையைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத் தீர்மானமாக எழுதுங்கள். அதனுடன் கிராம அலுவலர் உறுதிப்படுத்திய குடும்ப எண்ணிக்கை, வீதியின் நீளமும் அகலமும் குறித்த வரைபடம், பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் உள்ள தூரம், மாரியில் வெள்ளம் நின்றபோது எடுத்த திகதியிட்ட படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீட்டுக்கு வரும் நாளில் இரண்டு மூன்று பேராவது அவருடன் நடந்து செல்லுங்கள். அவர் வருவது கோடையில் என்றால் நிலம் காய்ந்து கிடக்கும். சுவரில் படிந்த வெள்ளக் கறையைக் காட்டி, நீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எங்கே வடிகிறது, மதகு எங்கே வேண்டும் என்று சொல்லாவிட்டால், மதிப்பீட்டில் வீதி மட்டும் இருக்கும், வடிகான் இராது. உயர்த்திக் கட்டிய அந்த வீதியே அடுத்த மாரியில் நீரை வீடுகளுக்குள் தள்ளிவிடும்.

காலத்தைக் கணக்கிடுவதில்தான் பலரின் முயற்சி வீணாகிறது. அரச நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையாகும். வரவுசெலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் முன்வைக்கப்படுவதால், அடுத்த ஆண்டுக்கான கோரிக்கை ஆண்டின் நடுப்பகுதிக்கு முன்னரே உரிய மேசைகளுக்குச் சென்றிருக்க வேண்டும். அதே வேளை, மாரி மழை ஒக்டோபர், நவம்பரில் நம் பகுதியைப் பிடித்துக்கொள்ளும், டிசம்பர் 31இல் செலவாகாத ஒதுக்கீடும் காலாவதியாகும். எனவே ஒதுக்கீடு கிடைத்தால் செப்டெம்பருக்குள் வேலை முடியும் வகையில் கேள்விமனுவும் ஒப்பந்தமும் விரைவாக நடக்கின்றனவா என்று மாதந்தோறும் விசாரியுங்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன்னர் உங்கள் விடயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் வழங்குவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட தொகை, மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தகாரர் யார், வேலை முடிக்க வேண்டிய திகதி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மதிப்பீட்டின் பிரதி கையில் இருந்தால் வேலை நடக்கும்போதே வீதியின் அகலத்தையும் கொங்கிறீட்டின் தடிப்பையும் நாடா வைத்து அளந்துவிடலாம். வேலை முடிந்த பின்னரும் ஒப்பந்தகாரரின் தடுத்துவைப்புப் பணம், அதாவது குறைபாடுகளைத் திருத்துவதற்கு உத்தரவாதமாகப் பிடித்துவைக்கும் ஒரு பங்கு, குறிப்பிட்ட காலத்துக்கு விடுவிக்கப்படாமல் இருக்கும். வெடிப்போ தாழ்வோ தென்பட்டால், அந்தக் காலம் முடிவதற்குள் சங்கத்தின் கடிதம் படங்களுடன் சபையின் கோவையில் சேர்ந்திருக்க வேண்டும்.