பிள்ளைக்குக் கடல் பெயர் வைக்கப் போகிறீர்களா?

கடலை நினைவூட்டும் பெயர் வேண்டும் என்று முடிவானதும் கைப்பேசியில் பட்டியல் தேடுவதுதான் வழக்கம். அந்தப் பட்டியல்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். தரங்கிணிக்குக் கடல் என்று பொருள் போட்டிருப்பார்கள். தரங்கம் அலைதான், ஆனால் தரங்கிணி வடமொழியில் ஆறு. சங்கமித்ராவில் சங்கு இல்லை, இருப்பது பௌத்த சங்கம். வாரிஜா, நீரஜா, அம்புஜா எல்லாம் நீரில் பிறந்தவை என்ற பொருளில் தாமரையைக் குறிப்பவை. கயலும் கடல் மீன் அல்ல, குளத்திலும் வயலிலும் துள்ளும் கெண்டை. அழகான பெயர்கள்தான், ஆனால் கடலுக்காக வைத்தோம் என்று நாளைக்குப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. பிடித்த பெயரைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லாப் பொருளையும் படியுங்கள், முதல் வரியோடு நிறுத்தாதீர்கள்.

அகராதியில் இருப்பதெல்லாம் பெயராகிவிடாது என்பதும் அங்கேயே தெரியும். கடலுக்கு நிகண்டுகள் தரும் சொற்கள் ஏராளம்: ஆழி, பரவை, பௌவம், முந்நீர், வாரி, வேலை, புணரி, உவரி, அளக்கர். இவற்றில் வேலை இன்று அலுவலகத்துக்குப் போய்விட்டது. புணரி அலையையும் குறிக்கும் நல்ல சொல், ஆனால் புணர்ச்சியின் வேரிலிருந்து வருவது. வளரும் பிள்ளைக்கு அது வேண்டாம். வாரி என்று கூப்பிட்டால் அள்ளி இறைப்பது நினைவுக்கு வரும். பரவை, திருவாரூரில் சுந்தரர் மணந்த பரவை நாச்சியாரின் பெயர். இலக்கிய மரபு முழுக்கப் பின்னால் நின்றாலும், சொல்லும்போது பத்துக்கு ஒன்பது பேர் காதில் பறவை என்றே விழும். ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

மிஞ்சுவதில் வலுவானது ஆழி. ஆழி கடல், ஆழி சக்கரம், ஆழி மோதிரம். திருப்பாவையின் நான்காம் பாட்டில் ஆண்டாள் மழையைக் கடலுக்குள் புகுந்து முகந்து வரச் சொல்லும்போதும் ஆழி என்கிறாள், திருமால் கையிலுள்ள சக்கரம்போல் மின்னச் சொல்லும்போதும் ஆழி என்கிறாள். ஆகவே ஆழியான் என்று வைத்தால் சக்கரத்தான் என்ற பொருள் முன்னால் வரும். கடல்தான் வேண்டும் என்றால் ஆழிவண்ணன், கடல்வண்ணன், கடலரசி, கடலரசன் என்று போகலாம். பெண்ணுக்கு ஆழினி இப்போது காதுக்குப் பழகிவருகிறது. இதில் சிக்கல் ழகரம். வீட்டில் ழ சரியாக வராதவர்கள் இருந்தால் பிள்ளை ஆளி ஆகிவிடும். ஆளி என்றால் சிங்கம் போன்ற விலங்கு, இன்னொரு பக்கம் மளிகைக் கடையில் விற்கும் ஆளி விதை. தாத்தா பாட்டியை ஒரு நாள் சொல்லவைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடல் என்ற பெரும்பரப்பைக் குறிக்கும் சொல்லைவிட, கரையோரச் சொல்லே நல்ல பெயராகும். கடல் ஒன்றுதான், கரையில் ஆயிரம் இருக்கிறது. நம் இலக்கியமும் கடலை நடுக்கடலில் நின்று பாடவில்லை, நெய்தல் திணையாகக் கரையில் நின்று பாடியது. நெய்தல் உப்பங்கழியில் பூக்கும் நீல மலர். ஒரு நிலத்துக்கே பெயர் தந்த பூ பெண் குழந்தைக்குப் பொருந்தும். நெய்தலின் உரிப்பொருள், அதாவது அத்திணைப் பாடல்களுக்குரிய உணர்வு, இரங்கல் என்று தமிழ் படித்த உறவினர் யாராவது சொல்லக்கூடும். அது திணைக்கான இலக்கணம், பூவுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. துணிந்து வைக்கலாம்.

கடற்கரை மரமான புன்னையை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். நற்றிணை 172ஆம் பாட்டில், சிறுமிகள் விளையாட்டாக வெண்மணலில் புன்னை விதையை அழுத்திவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். இது உன்னைவிடச் சிறந்தவள், உனக்குத் தங்கை என்கிறாள் தாய். வளர்ந்த பிறகு அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேசத் தலைவிக்கு வெட்கமாக இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பெண் பிள்ளை இருந்து, இரண்டாவதும் பெண்ணானால், புன்னையைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. ஆணுக்குப் புன்னைவனம் பழகிய பெயரே.

நெய்தல் நிலத் தலைவர்களுக்குப் பாடல்களில் வரும் பெயர்கள் சேர்ப்பன், துறைவன், கொண்கன், புலம்பன். முதல் இரண்டையும் தயங்காமல் எடுக்கலாம். கொண்கன் சொல்ல முரடு. புலம்பன் என்றால் கடற்கரைத் தலைவன் என்று வகுப்பில் எத்தனை முறை விளக்கினாலும் புலம்புகிறவன் என்றே கேலி செய்வார்கள். மாநாய்கனுக்கும் இதே கதி. கண்ணகியின் தந்தை, பெருவணிகர், ஆனாலும் நடுவில் நாய் கேட்கிறது. கானல் கடற்கரைச் சோலை, இன்றைய காதுக்கோ கானல் நீர். கலங்கரையில் கலங்குவது முந்திக்கொள்ளும். ஒரு சொல்லின் பழைய பொருள் எவ்வளவு உயர்வாக இருந்தாலும், பிள்ளை வாழப்போவது இன்றைய பொருளோடுதான்.

கடல் பெயர் வைப்பதற்குத் தமிழில் மிகப் பழைய முன்மாதிரியே இருக்கிறது. கோவலனின் முன்னோர் ஒருவர் கப்பல் உடைந்து நடுக்கடலில் தத்தளித்தபோது கடல் தெய்வம் தோன்றிக் காப்பாற்றியது. மாதவிக்குப் பெண் பிறந்ததும், அந்த நன்றிக்காக அத்தெய்வத்தின் பெயரையே கோவலன் வைக்கச் சொன்னதாகச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை சொல்கிறது. அந்தப் பெயர் மணிமேகலை. பழைய பெயர் என்று ஒதுக்கிவிடாதீர்கள், மேகலா, மணி என்று கூப்பிடவும் வசதியானது. செந்திலும் அப்படித்தான். வெண்தலை அலை மோதும் கரையில் முருகன் நிற்கும் ஊராகப் புறநானூறு 55ஆம் பாட்டிலேயே செந்தில் வருகிறது. தாத்தா பெயர் செந்தில்வேல் என்றால் உங்கள் வீட்டில் கடல் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

தாத்தா, பாட்டி பெயரை இட்டே ஆக வேண்டும் என்ற வீடுகளில் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்ல சமாதானம். முத்தையாவின் பேரன் நித்திலன் ஆகலாம், முத்துலட்சுமியின் பேத்தி நித்திலா அல்லது தரளா ஆகலாம். நித்திலம், தரளம் இரண்டும் முத்துதான். பவளத்தம்மாளுக்குத் துகிரைத் தேடாதீர்கள். பவளம் என்ற பொருள் சரிதான், யாருக்கும் புரியாது. பவளக்கொடி போதும்.

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அனுஷத்துக்கு ந, நி, நு, நே: நித்திலா, நித்திலன். மகத்துக்கு ம, மி, மு, மே: மணிமேகலை, முத்தழகு. உத்திரத்துக்கு டே, டோ, ப, பி: பவளம் தொடங்கும் பெயர்கள். கிருத்திகைக்கு அ, இ, உ, எ. குறிலைக் கொண்டு நெடிலையும் ஏற்பவர்கள் ஆழினி வைக்கலாம். சுவாதிக்கு ரு, ரே, ரோ, த. சுவாதியில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. சுவாதியில் பிறந்த பெண்ணுக்குத் தரளா என்று வைத்தால் எழுத்தும் பொருளும் சேர்ந்தே அமையும்.

இஸ்லாமியக் குடும்பங்களில் முத்துக்கு ஜுமானாவும் பவளத்துக்கு மர்ஜானும் உண்டு. கடலிலிருந்து வெளிப்படுவனவாக முத்தையும் மர்ஜானையும் குர்ஆனின் 55ஆம் அத்தியாயம், 22ஆம் வசனம் சேர்த்தே சொல்கிறது. கிறித்தவர்களுக்கு மார்கரெட் கிரேக்க மொழியில் முத்து. மரியன்னையைக் கடலின் விண்மீன் என அழைக்கும் இலத்தீன் பட்டம் ஸ்டெல்லா மாரிஸ், அதிலிருந்து ஸ்டெல்லா. மரீனாவுக்கும் கடலுக்குரியவள் என்றே பொருள், சென்னைக்காரர்களுக்குக் கடற்கரைதான் முதலில் வரும். வடமொழியில் வேண்டுமென்றால் அர்ணவ், சாகர், ரத்னாகர் மூன்றும் கடல்தான். வருண் கடல் தெய்வம். தொல்காப்பியம் நெய்தலுக்கு வருணனையே தெய்வமாகச் சொல்வதால் இது நமக்கும் அந்நியமில்லை.

இன்னொரு பட்டியலையும் பார்த்துவிடுங்கள். வட இந்தியப் பெருங்கடலில் உருவாகும் புயல்களுக்கு 13 நாடுகள் தலா 13 வீதம் தந்த 169 பெயர்கள் 2020இல் வெளியாயின. இந்தியா தந்தவற்றில் கடல் என்று பொருள்படும் ஜலதியும், நீர் என்ற பெயரும் இருக்கின்றன. சாகர் என்ற புயல் 2018இலேயே வந்துபோனது. பெயர் அதனால் கெட்டுவிடாது, ஆனால் பிள்ளையின் பெயரைப் புயல் செய்தியில் கேட்கும் நாள் வரலாம் என்று தெரிந்து வைப்பது வேறு.

அதைவிட முக்கியமானது வீட்டாரின் மனம். சுனாமிக்கு நாம் தமிழில் வைத்த பெயர் ஆழிப்பேரலை. 2004 டிசம்பர் 26 அன்று யாரையாவது இழந்த வீட்டில் ஆழி, அலை என்று தொடங்கும் பெயர் தினமும் ஒரு முறை அந்த நாளைத் தொடலாம். அந்த வீட்டுப் பெரியவர்களைத் தனியாக, நிதானமாகக் கேளுங்கள். அவர்கள் முகம் சுருங்கினால் விவாதிக்காதீர்கள். முத்து, புன்னை, நெய்தல் எல்லாம் அதே கடற்கரைதான்.

இரண்டு மூன்று பெயர் மிஞ்சியதும் வாயில் போட்டுப் பாருங்கள். வாசலில் நின்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி பத்து முறை கூப்பிடுங்கள். இங்கேதான் தாளில் தெரியாத ஒன்று தெரியும். னகரத்தில் முடியும் ஆண் பெயர் விளியில் ஆகாரமாக நீளும்: துறைவன், துறைவா. அதே கணக்கில் நித்திலன் நித்திலா ஆகிவிடுகிறான். அக்கா நித்திலா, தம்பி நித்திலன் என்று ஜோடியாக வைத்தால் ஒருவரைக் கூப்பிட இருவரும் திரும்புவார்கள். முழுப்பெயர் மூன்று அசையைத் தாண்டினால் அது எப்படிச் சுருங்கும் என்று இப்போதே பாருங்கள். நெய்தல்செல்வி வீட்டில் செல்வி ஆகி, கடல் காணாமல் போகும். பிறகு இனிஷியலோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லுங்கள். தமிழ் இனிஷியல் ஒரு விதம், ஆங்கில இனிஷியல் இன்னொரு விதம், இரண்டும் வேண்டும். 'க. விதை'யைப் போல வேறு சொல் உண்டாகிறதா என்று கவனியுங்கள்.

ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு இசட்-எச் போடுவதே நம் வழக்கம். வெளி மாநிலத்தவர் அதை ஆஸி, ஆஸ்ஹி என்று படிப்பார்கள். எல் போட்டால் ஆலி ஆகும், பொருளே மாறிவிடும். இசட்-எச்சை வைத்துக்கொண்டு பிள்ளைக்குத் திருத்திச் சொல்லப் பழக்குவதே மேல். நெய்தலை டி-எச்சா, வெறும் டியா, நடுவில் ஐயா ஒய்யா என்று நாலு விதமாக எழுதலாம். ஏதாவது ஒன்றை முடிவு செய்து, தாளில் எழுதி, இருவரும் அதையே கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று பிரிந்த எழுத்துகள் பள்ளியில் சேர்க்கும்போதுதான் தலைவலியாகும்.

பதிவில் அவசரம் வேண்டாம், சுணக்கமும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆனால் அதற்குள் பெயர் முடிவாகியிருக்க வேண்டியதில்லை. பெயரில்லாமலே பதிவு நடக்கும். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் உண்டு. ஒரு முறை ஏறிய பெயரை வேறு பெயராக மாற்றுவது எளிதல்ல, எழுத்துப் பிழைக்கு மட்டுமே திருத்தம் சுலபம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறந்த நாளுக்கும் ஊருக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால் அந்தத் தாள் முன்னைவிடக் கனமானது.

விண்ணப்பத்தில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்துக்கும் இடைவெளி விட்டு எழுதுங்கள். சான்றிதழைப் பெறும்போது அங்கேயே நின்று, தமிழ்ப் பகுதியை முதலில் விரல் வைத்துப் படியுங்கள்: ழ ள ஆகியிருக்கிறதா, ர ற ஆகியிருக்கிறதா, புன்னையில் ன் விட்டுப்போயிருக்கிறதா. பிறகு ஆங்கிலப் பகுதி. பிழை இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்.