கனடாக் கடித உறைகளை வைத்துக் குடும்பக் கதை எழுதுவது எப்படி

வீட்டு றங்குப்பெட்டியில் கனடாவிலிருந்து வந்த பழைய கடிதங்கள் கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள், ரொறன்ரோவில் நம்மவர்கள் பெருகிய கதை அந்த உறைகளில் இருக்கிறது.

முதலில் கடிதத்தைப் பிரிக்காமல் அனுப்பியவரின் விலாசத்தைப் பாருங்கள். தபால் குறியீடு எம்4எக்ஸ் என்று தொடங்கினால் அது சென்ற் ஜேம்ஸ் ரவுண், வெலஸ்லி வீதிப் பக்கத்து மாடிக் கட்டடங்கள். 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து போன தமிழர் பலர் முதலில் தங்கிய இடம். எம்1 என்றால் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோ. எல்3 என்றால் ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள மார்க்கம் நகரமாக இருக்கலாம்.

பிறகு திகதிப்படி தரையில் அடுக்குங்கள். பெரியம்மாவின் மகன் எழுதியவற்றை நான் அப்படி அடுக்கியபோது ஆறு வருடத்தில் நாலு விலாசம் வந்தது, அதில் ஒரு கதவிலக்கம் எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீட்டுக் கடிதங்களிலும் இருந்தது. ஒருவர் எடுத்த அறையில் ஊரார் ஒவ்வொருவராக வந்து படுத்தெழும்பி, வேலை கிடைத்ததும் அடுத்தவருக்கு இடம் விட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திருகோணமலைக் கடற்காற்றுக்குக் கடதாசி சீக்கிரம் ஈரம் பிடிக்கும். யன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போனில் படம் எடுங்கள். முத்திரையைக் கழற்றவே கூடாது, அதன்மேல் குத்திய தபால் அடையாளத்தில்தான் திகதி இருக்கும்.

சரி, இனி கடிதம் எழுதியவர்களுடன் போனில் கதைக்க வேண்டும். கோடையில் அவர்களைவிட நாம் ஒன்பதரை மணித்தியாலம் முன்னே, குளிர்காலத்தில் பத்தரை. ஞாயிறு மாலை இங்கே விளக்கு வைக்கும் நேரம் அங்கே காலைத் தேநீர் நேரம். "மாமா, எப்படி இருந்தது அந்தக் காலம்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். விமான நிலையத்துக்கு யார் வந்தார்கள், அறையில் எத்தனை பேர், முதல் வேலையை யார் பிடித்துத் தந்தார், வீடு வாங்கச் சீட்டுப் போட்டீர்களா என்று கேளுங்கள். போன வழியைப் பற்றி மட்டும் அவர்களாகச் சொன்னாலொழியத் தோண்ட வேண்டாம். 1986 ஆகஸ்டில் கனடாவின் கிழக்குக் கரையான நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அப்படிப் போனவர்களுக்கு அது இலேசான பேச்சில்லை.

பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். மாமா "பேஸ்மென்ற்" என்றால் நீங்களும் பேஸ்மென்ற் என்றே எழுதுங்கள், நிலவறை என்று மாற்ற வேண்டாம்.