பெண் வாடிக்கையாளர்களிடம் சிறு தொழில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்களுக்கு விற்க வேண்டும் என்றதும் பலர் முதலில் கைவைப்பது நிறத்தில்தான். அதே பொருள், இளஞ்சிவப்புப் பெட்டி. பிக் நிறுவனம் இப்படித்தான் பெண்களுக்கென்றே பேனா விற்றது. 2012-ல் அமேசானில் அதற்கு வந்த விமர்சனங்களில் பெண்கள் கிண்டலடித்துத் தீர்த்துவிட்டார்கள். 2009-ல் டெல் நிறுவனம் 'டெல்லா' என்று பெண்களுக்கெனத் தனி இணையதளம் திறந்து, மடிக்கணினியில் சமையல் குறிப்பு தேடலாம், கலோரி கணக்குப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களிலேயே அதை மாற்ற வேண்டியதாயிற்று. நிறத்தை மாற்றிவிட்டு விலையையும் ஏற்றுவது இன்னும் மோசம். நியூயார்க் நகர நிர்வாகம் 2015-ல் சுமார் 800 பொருட்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெண்களுக்கானவை சராசரியாக 7 சதவீதம் கூடுதல் விலையில் இருந்தன. ஒரே வேலைக்கு இரண்டு விலை வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

ஆனால், என்னைக் கேட்டால், விற்பனையை அதிகம் கெடுப்பது பேச்சுதான். கணவனும் மனைவியும் வண்டி வாங்க வருகிறார்கள். "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்று மனைவி கேட்கிறார். விற்பனையாளர் கணவரைப் பார்த்துப் பதில் சொல்கிறார். அடுத்து சர்வீஸ் பற்றிக் கேட்பதும் மனைவிதான். விவரத் தாள் போவது கணவர் கைக்கு. நிறம் பற்றிப் பேசும்போது மட்டும், "உங்களுக்கு எந்த கலர் பிடிக்கும் மேடம்?" ஓட்டப்போவது அவர், பணம் கட்டப்போவதும் ஒருவேளை அவரே. அவர் அங்கே சண்டை போட மாட்டார். "யோசிச்சுட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார். ஏன் போனார் என்பது கடைக்காரருக்குக் கடைசிவரை தெரியாது. அதனால் ஊழியர்களுக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: யார் கேட்டார்களோ அவரைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அப்புறம், "வீட்டில் சாரைக் கேட்டுட்டு வாங்க" என்ற பேச்சே வேண்டாம்.

அடுத்தது போன் நம்பர். பின்னால் வரிசை நிற்கும்போது பில் போடுபவர் சத்தமாக நம்பர் கேட்கிறார். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அந்த நம்பருக்கு இரவில் ஊழியரிடமிருந்து "ஹாய்" என்று மெசேஜ் வரும் அனுபவம் பல பெண்களுக்கு உண்டு. நம்பர் தராமலும் பில் கிடைக்க வேண்டும். தருபவர்கள் தாங்களே தட்டச்சு செய்யட்டும். ஊழியர்களின் சொந்த போனில் வாடிக்கையாளர் எண் எதுவும் இருக்கக்கூடாது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் தொழிலாக இருந்தால், வருபவரின் பெயர், புகைப்படம், வரும் நேரம் மூன்றையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். தாமதமானால் அதையும் சொல்லுங்கள்.

துணிக்கடை என்றால் உடை மாற்றும் அறையின் தாழ்ப்பாளை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். கைப்பை மாட்ட ஒரு கொக்கியும் வேண்டும். ஆன்லைனில் விற்பவர்கள் எஸ், எம், எல் என்று நிறுத்தாமல் அளவை சென்டிமீட்டரிலும் போடலாம்.

மார்ச் 8 அன்று மட்டும் தள்ளுபடி தருவதைவிட, கல்லாவில் நிற்கும் பெண் ஊழியரிடம் "வாங்காமல் திரும்பிப் போனவர்கள் என்ன கேட்டார்கள்?" என்று வாராவாரம் விசாரிப்பது அதிகம் உதவும். அடுத்த சரக்கு எடுக்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.